குவாசிஸ்பீசிஸ்: 'திரிபுத்திரள்' எனலாமா?

ஐயா, வணக்கம்.

ஒரு உடலுக்குள் சற்றே வேறுபட்ட வைரஸ்கள் சேர்ந்திருக்கும் கூட்டத்தை ஆங்கிலத்தில் குவாசிஸ்பீசிஸ் (quasispecies) என்கிறார்கள். அதற்கு நீங்கள் தந்த 'போலிச் சிற்றினம்' என்ற தமிழ்ச்சொல் எனக்கு ஒப்பவில்லை. கோமாரி கண்ட ஒரு பசுவை வைத்துச் சொல்கிறேன்.

அதன் நாக்கில் எழும்பும் கொப்புள நீரில் ஒரே வைரஸின் அச்சுப் பிசகாத நகல்கள் இருப்பதில்லை. கோமாரி வைரஸின் மரபுப்பொருள் ஏறத்தாழ 8,400 எழுத்து (காரம், base) நீளமுள்ள ஆர்என்ஏ. அதைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை பார்த்துத் திருத்தத் தெரியாது. சுமார் பத்தாயிரம் எழுத்துக்கு ஒன்று பிசகிவிடும். அப்படியானால் கிட்டத்தட்ட படிக்கு ஒரு பிழை! ஒரே கொப்புளத்துக்குள் சற்றுச் சற்றே வேறுபட்ட வைரஸ்கள் மொய்த்துக் கிடக்கின்றன. பல உருப்படாமல் போகும். பசுவின் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) வந்து பற்றும் இடத்தில் வடிவம் மாறிய ஒன்று இருந்தால், அது தப்பிப் பெருகும். புண் ஆறிய பிறகும் சில மாடுகளின் தொண்டையில் வைரஸ் மாதக்கணக்கில் தங்குகிறது. ஆப்பிரிக்க எருமையில் 5 ஆண்டு வரைகூட. அங்கேயும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

இந்த மொத்தக் கும்பலுக்குத்தான் பெயர் வேண்டும். குவாசிஸ்பீசிஸ் என்பது ஐகன், ஷுஸ்டர் என்னும் அறிவியலாளர்கள் 1970களில் தம்மைத் தாமே படியெடுக்கும் ஆதி மூலக்கூறுகளுக்காக வைத்த பெயர், பிறகு வைரஸுக்கு வந்தது. இதில் போலி என்று எதுவும் இல்லை. 'சிற்றினம்' என்றாலோ மாணவர் வகைப்பாட்டியலுக்குப் போய்விடுவார். கோமாரி வைரஸின் ஓ, ஏ, ஆசியா 1 என்னும் வகைகளோடு குழப்பிக்கொள்வார்.

'திரிபுத்திரள்' என்பது என் பரிந்துரை. புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரம் படித்திருக்கிறோம். எழுத்து புதிதாய் நுழைவது, வேறொன்றாவது, விடுபடுவது: மரபணுவிலும் இதே மூன்றுதான். கோமாரி வைரஸில் பெரும்பாலும் நடப்பது திரிதல். மரபணுவில் நேரும் இந்த மாற்றத்தை (mutation) இலங்கைப் பாடநூல்கள் 'விகாரம்' என்றே சொல்கின்றன. தமிழ்நாட்டில் நாம் சொல்லும் 'திடீர்மாற்றம்' இங்கே பொருந்தாது. ஒவ்வொரு படியெடுப்பிலும் நடப்பதில் திடீர் என்ன இருக்கிறது?

கொரோனா வைரஸின் ஒரு வகையை 'டெல்டா திரிபு' என்று செய்தித்தாள்கள் எழுதிப் பழக்கிவிட்டனவே, குழம்பாதா என்று கேட்கலாம். குழம்பாது. திரளில் ஒன்று மேலெழுந்து பரவினால் அது திரிபு, அவ்வளவுதான். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "நோய் தொற்றும்போது திரிபுத்திரளில் ஒரு சிறு பகுதியே அடுத்த மாட்டைச் சென்றடைகிறது." தடையில்லாமல் ஓடுகிறது.

சரி, இன்னொன்றும் மிச்சம். ஒவ்வோர் இடத்திலும் எந்த எழுத்து மிகுதியோ அதை எடுத்துக் கோத்து ஆய்வகம் ஒரு வரிசை (consensus sequence) தருகிறதே, அதைப் 'பெரும்பான்மை வரிசை' எனலாமா? 'பொது வரிசை' என்றால் திரளில் உள்ள எல்லாவற்றுக்கும் அதுவே பொது என்று தோன்றிவிடும். கால்நடை மருத்துவம் படித்தவர்கள் சொல்லுங்கள்.