தோள்கட்டை பொருந்தியது, சட்டம் பொருந்தவில்லை

மறைந்த சேகரிப்பாளர் ஒருவரின் வீட்டில், அவர் மனைவி எடுத்துக் கொடுத்த லூகர் பி08 என்ற பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கியையும், அதைத் தோளில் ஊன்றிச் சுட உதவும் தட்டையான மரத் தோள்கட்டையையும் என்னால் மறக்க முடியவில்லை. கைப்பிடியின் பின்புறத்தில் மாட்டும் முனை இருந்ததால், யோசிக்காமல் கட்டையைப் பொருத்தப் போனேன். உடன் வந்த பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "குழலை அளந்து பார்த்தீர்களா, தம்பி?" என்றார். அளந்தோம், 100 மில்லிமீட்டர். கட்டையோ 200 மில்லிமீட்டர் குழலுடைய பீரங்கிப்படை லூகருக்கு உரியது. தோள்கட்டை மாட்டிய கைத்துப்பாக்கியை அமெரிக்கச் சட்டம் ரைபிளாகக் கருதும்; அதிலிருந்து விலக்கும் அரசுப் பட்டியலில் இருப்பது அந்த இணைதான். மாட்டியிருந்தால், 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய, பதிவு செய்யப்படாத ரைபிளை அந்தக் கூடத்திலேயே உருவாக்கியிருப்பேன். அசல் கட்டை தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

—

மேலே எழுதியவரின் கடைசி வரியை ஏற்க இயலாது. மௌசர் சி96 என்ற பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கிக்கும் பீரங்கிப்படை லூகருக்கும், அசலின் அளவை அப்படியே ஒத்த அல்லது மிக நெருங்கிய பிரதிக் கட்டையையும் கூட்டாட்சித் துப்பாக்கித் துறை ஏற்றுக்கொண்டுள்ளது. சி96-க்கு, துப்பாக்கி உறையாகவும் தோள்கட்டையாகவும் பயன்படும் மரவுறையின் பிரதியைக் கேட்ட எனக்கு மடக்கும் இரும்புக் கட்டை வந்தது. அன்றே திருப்பி அனுப்பினேன். இங்கே யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: பட்டியலின் உரிய பக்கத்தைத் துப்பாக்கியுடனேயே வையுங்கள், கூட்டாட்சி விலக்கு மாநிலச் சட்டத்தைத் தள்ளிவிடாது என்பதால் மாநிலச் சட்டத்தைத் தனியாகப் படியுங்கள், தானாகத் தொடர்ந்து சுடும் மௌசர் எம்712 இயந்திரத் துப்பாக்கியாகவே கருதப்படுவதால், அதை சி96 என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். 2026 ஜனவரி முதல் குறுங்குழல் ரைபிளுக்கான 200 டாலர் வரி நீங்கிவிட்டதே என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். நீங்கியது வரிதான்; பதிவுக் கடமை நீங்கவில்லை, மீறினால் 10 ஆண்டு வரை சிறை உண்டு.

—

என்னிடம் ஒருவர் 1897-இல் செய்த சி96-ஐக் காட்டினார். அதன் கட்டை பிற்காலத்தில் யாரோ புதுவடிவில் செய்தது. "1898-க்கு முந்தியது, ஆகவே தொன்மைப் பொருள், எந்தக் கட்டையும் மாட்டலாம்" என்று உறுதியாகச் சொன்னார். 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு அந்த வயது போதும். ஆனால் 1934-ஆம் ஆண்டுத் தேசியத் துப்பாக்கிச் சட்டம், குண்டும் மருந்தும் பற்றவைக்கும் மூடியும் ஒன்றாக அமைந்த முழுத் தோட்டாவால் சுடும் துப்பாக்கியானால், அந்தத் தோட்டா இன்று வழக்கமான வணிகத்தில் கிடைக்கிறதா என்றும் பார்க்கிறது. நான் பதில் சொல்லாமல், அந்த வாரம் வாங்கிய, சி96 சுடும் 7.63 மௌசர் தோட்டாப் பெட்டியை மேசைமேல் வைத்தேன். அவர் பெட்டியில் அச்சிட்டிருந்ததை இருமுறை படித்துவிட்டுக் கட்டையைக் கழற்றத் தொடங்கினார்.