100 டாலர் நோட்டு மாத்த மாட்டேங்கறாங்க, குறி இருக்காம் – அவசரம்

அவசரக்காரன்
வணக்கம். கையில் 14 நூறு டாலர் நோட்டு இருக்கு. மூணு எக்ஸ்சேஞ்ச்ல கேட்டாச்சு. "பழசு, குறி இருக்கு"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. ஒரு இடத்தில் மட்டும் நூறுக்கு 92 தர்றேன்கறாங்க. அடுத்த வாரத்துக்குள்ள பணம் வேணும். என்ன பண்ணலாம்?

சில்லறைப்பை
எந்த நாட்டில் இருக்கீங்க? எந்த சீரீஸ்? குறின்னா பேனாக் கிறுக்கலா, ரப்பர் ஸ்டாம்ப்பா, கறையா, கிழிசலா? ஒவ்வொண்ணுக்கும் பதில் வேற.

கவுண்டர்நிழல்
அமெரிக்க வங்கிக் கணக்கு இருக்கா? இருந்தா பாதிப் பிரச்சினை இப்பவே முடிஞ்சது.

மூத்தநாணயன்
மாசத்துக்கு நாலு தடவை இதே கேள்வி. தேடல் பெட்டியை அழகுக்கு வைக்கலை, தம்பி. 1914-லிருந்து வந்த ஃபெடரல் ரிசர்வ் (அமெரிக்க மத்திய வங்கி) நோட்டு அத்தனையும் இன்னைக்கும் முகமதிப்புக்குச் செல்லும். மறுக்க அவங்களுக்கு உரிமையே இல்லை. அழுத்திக் கேளுங்க.

கவுண்டர்நிழல்
மன்னிக்கணும் ஐயா, அது தப்பு. செல்லுபடிங்கறது அந்தந்த நாட்டு எல்லைக்குள்ள கடனைத் தீர்க்கிற சட்ட விஷயம். எல்லை தாண்டினா டாலர் நோட்டு ஒரு சரக்கு, அவ்வளவுதான். வாங்குறதும் விடுறதும் கடைக்காரர் இஷ்டம். அமெரிக்காவுக்குள்ளேயே தனியார் கடை ரொக்கம் வாங்கியே ஆகணும்னு கூட்டாட்சிச் சட்டம் எதுவும் கிடையாது.

அவசரக்காரன்
வெளிநாட்டில் இருக்கேன். சீரீஸ் எங்க பார்க்கணும்? குறி சின்னதா ஊதா கலர். அமெரிக்கக் கணக்கு இல்லை. ரெண்டு 20 பவுண்டும் இருக்கு, பேப்பர் நோட்டு.

சில்லறைப்பை
வெளிநாடுன்னு தலைப்பிலேயே புரிஞ்சுது, எதுன்னுதான் கேட்டேன் 🙂 சரி, பொதுவாவே சொல்றேன்.

நோட்டோட முகப்பில் பொடி எழுத்துல "சீரீஸ்"னு போட்டு ஆண்டு இருக்கும். அது அச்சடிச்ச ஆண்டு இல்லை. 2009A-ன்னு போட்ட நோட்டு வெளியே வந்ததே 2013 அக்டோபர்லதான். இப்ப 14-ஐயும் மூணா பிரிங்க:

1. நடுவில் நீலப் பட்டை ஓடுறது (2009 சீரீஸ் முதல்). லேசா குறி இருந்தாலும் போகும்.
2. பட்டை இல்லாம பெரிய தலை, அதாவது ஃபிராங்க்ளின் படம் பெரிசா இருக்கிறது (1996 முதல் 2006A வரை). இதில்தான் பேரம்.
3. சின்னத் தலை (1996-க்கு முந்தினது). எக்ஸ்சேஞ்ச்ல நேரத்தை வீணாக்காதீங்க.

மொத்தக் கட்டையும் ஒண்ணா நீட்டவே கூடாது. மேலே இருக்கிற ஒரு சின்னத் தலை கீழே இருக்கிற நல்ல நோட்டோட விலையையும் இழுத்துடும்.

நோட்டுப்பூச்சி
ஊதாக் குறி அரை சென்டிமீட்டர்கூட இருக்காதே? நட்சத்திரம், முக்கோணம், இல்ல ஒரு எழுத்து? அப்படின்னா அது ஏதோ ஒரு மாற்றுக்காரர் "நான் பார்த்துட்டேன், நல்ல நோட்டு"ன்னு வச்ச அடையாளம். சான்றா வச்ச குறியே இப்ப குற்றமா நிக்குது, பாவம். எக்ஸ்சேஞ்ச் மறுக்கிறது கள்ளநோட்டுன்னு சந்தேகப்பட்டு இல்லை. அடுத்து வாங்குற ஆள் முகம் சுளிப்பார், மொத்த வியாபாரியும் தரம் பிரிச்சுக் கழிப்பார். அந்த நஷ்டத்தைத்தான் முன்கூட்டியே உங்க தலையில் கட்டறாங்க.

தயவுசெஞ்சு அழிக்கப் பார்க்காதீங்க. ஸ்பிரிட் வச்சுத் தேய்ச்சா மை பரவி பெரிய கறையாகும். பிளீச் பட்டா நிஜமாவே சந்தேகம் வரும், ஏன்னா 5 டாலரை வெளுத்து அதுமேல 100 அச்சடிக்கிற மோசடி உண்டு. அதில் வெளிச்சத்துக்குப் பிடிச்சா 5 டாலரோட லிங்கன் முகம் தெரியும், தாளுக்குள்ள ஓடுற பாதுகாப்பு இழையில் ஐந்துன்னு இருக்கும். நல்ல பெரிய தலை நோட்டில் வாட்டர்மார்க் (வெளிச்சத்துக்குப் பிடிச்சா தெரியிற உருவம்) ஃபிராங்க்ளின், இழை புற ஊதா விளக்கில் இளஞ்சிவப்பு. 1990 சீரீஸ் சின்னத் தலையில் இழை இருக்கும், வாட்டர்மார்க் இருக்காது. இல்லைன்னு பதறாதீங்க.

மூத்தநாணயன்
ஐந்து நிமிஷ வேலைக்கு ஆராய்ச்சிக் கட்டுரை. கள்ளநோட்டுப் பேனா ஒண்ணு வாங்கிக் கோடு போட்டாப் போச்சு.

நோட்டுப்பூச்சி
அந்தப் பேனாவில் இருக்கிறது அயோடின். மாவுச்சத்து இருந்தா கறுக்கும், அதைத் தவிர வேறொண்ணும் அதுக்குத் தெரியாது. டாலர் தாள் 75% பருத்தி, 25% லினன். வெளுத்த 5 டாலரும் அதே தாள்தான், ஜம்முனு பாஸாகும். கஞ்சி போட்ட சட்டையோட துவைச்ச நல்ல நோட்டு தோத்துப்போகும். போதாக்குறைக்கு நோட்டில் இன்னொரு குறி வேற. அவர் படற பாடே குறியாலதான்!

மூத்தநாணயன்
சட்டையைக் கஞ்சியில் முக்கினது யார் இங்கே? பேச்சு எங்கேயோ போகுது.

கவுண்டர்நிழல்
கேள்விக்கு வருவோம். எக்ஸ்சேஞ்சை விட்டுட்டு அன்னியச் செலாவணி வாங்குற வங்கிக் கிளைக்குப் போங்க. கேட்க வேண்டியது ரெண்டே: "டாலர் கணக்கில் ரொக்கமாக் கட்டலாமா? இல்லைன்னா வசூலுக்கு அனுப்புவீங்களா?" வசூலுக்குன்னா நோட்டு வெளியே போய் ஏத்துக்கிட்ட பிறகுதான் பணம். வாரக்கணக்காகும், கட்டணமும் உண்டு. அதனால அடுத்த வாரச் செலவுக்கு அதை நம்பாதீங்க. ரசீதில் சீரியல் எண் எழுதி வாங்குங்க. கைவசம் ஃபோட்டோவும் இருக்கட்டும்.

அமெரிக்கா போற நம்பகமான ஆள் இருந்தா அதைவிட நல்லது. அங்கே கணக்கு உள்ளவர் குறி, பழசு எதுவானாலும் சாதாரணமா டெபாசிட் பண்ணிடலாம். சிதைந்த நோட்டுக்கான வாஷிங்டன் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லி யாராவது சொன்னா கேட்காதீங்க. அது எரிஞ்சது, மக்கினது, பாதிக்கு மேல் போனதுக்கு. முத்திரை பட்ட முழு நோட்டு அந்த வகையே இல்லை.

சில்லறைப்பை
பவுண்டு: பேப்பர் 20, ஆடம் ஸ்மித் படம் போட்டதுன்னா 2022 செப்டம்பர் 30-ஓட கடையில் செல்லாது. ஆனா பேங்க் ஆஃப் இங்கிலாந்து காலக்கெடு இல்லாம மாத்தும். தபாலிலும் வாங்கும்: படிவம், அடையாள அட்டை நகல், முகவரிச் சான்று. 40 பவுண்டுக்குக் காப்பீட்டுத் தபால் கட்டணம் எவ்வளவுன்னு முதல்ல பாருங்க. கட்டுப்படி ஆகலைன்னா அந்தப் பக்கம் போறவர் கிடைக்கிற வரை பெட்டியில் தூங்கட்டும். ஸ்காட்லாந்து வங்கி நோட்டா இருந்தா இந்தக் கதை பொருந்தாது, முன்பக்கத்தில் வங்கிப் பேர் பாருங்க.

அவசரக்காரன்
வங்கியில் 9 வாங்கிக்கிட்டாங்க. சின்னத் தலை 2 வசூலுக்குப் போயிருக்கு. நன்றி எல்லாருக்கும்.

நோட்டுப்பூச்சி
மீதி 3?

சில்லறைப்பை
92-க்கே கொடுத்துட்டாரா? எந்த நாடுன்னாவது சொல்லுங்கய்யா.