பொருள்: மைக்ரோபியல் லூப் - வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே, கடலுயிரியல் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அதில் வரும் மைக்ரோபியல் லூப் என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறேன்; 1983-இல் பரூக் ஆசாமும் உடன் ஆய்வாளர்களும் கடலின் ஓர் உணவுப் பாதைக்கு வைத்த பெயர் அது. மிதவைப் பாசிகள் கசியவிடும் கரைந்த கரிமப்பொருளை மீனோ கூனி இறாலோ தின்ன முடியாது. பாக்டீரியா உறிஞ்சுகிறது, அதைக் கசையிழை உயிரிகள் (சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒருசெல் உயிர்கள்) தின்ன, அவற்றைக் குற்றிழை உயிரிகள் (உடலில் குட்டை இழைகள் கொண்ட ஒருசெல் உயிர்கள்) தின்ன, அப்புறம்தான் விலங்கு மிதவைகளுக்குப் போகிறது. இடையில் கழிவாக வரும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் மறுபடி பாசிக்கே உரம். 'நுண்ணுயிர்ச் சுழற்சி' என்றால் அடுத்த பக்கத்து நைட்ரஜன் சுழற்சியோடு முட்டுகிறது.

> சுழற்சியோடு முட்டுகிறது

நுண்ணுயிர்க் கண்ணி! பூ தொடுப்பதிலும் கண்ணி, பறவைக்கு வைக்கும் சுருக்கும் கண்ணி, தாயுமானவரின் பராபரக்கண்ணியும் கண்ணி. கண், கணு, கண்ணி எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு, தனியே எழுதுகிறேன். அது கிடக்கட்டும், பாக்டீரியா என்று எழுதக் கூசவில்லையா? அதற்கான தமிழ்ச்சொல் குச்சியம் எங்கே போயிற்று?

> குச்சியம் எங்கே போயிற்று?

உருண்டையாக இருக்கிற காக்கஸ் வகைப் பாக்டீரியாவையும் குச்சி என்பீர்களா ஐயா? ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் சுமார் பத்து லட்சம் பாக்டீரியா கிடக்கிறது, எல்லாவற்றுக்கும் குச்சி பிடிக்க முடியாது.

கண்ணியும் சரிவராது. சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் கண்ணிதான். உணவுச் சங்கிலி பற்றிப் படித்த பிள்ளை, இதை அதில் ஒரு கண்ணி என்றே எடுத்துக்கொள்ளும். இலங்கையில் எங்களுக்கோ முதலில் கண்ணிவெடிதான் நினைவுக்கு வரும். நாங்கள் படித்தது நைதரசன் வட்டம், அதனால் சுழற்சிச் சண்டை எங்களுக்கு இல்லை. நுண்ணுயிரை நாங்கள் நுண்ணங்கி என்போம், 'நுண்ணங்கிச் சுழல்' என்று போடுங்கள்.

திருநெல்வேலிப் பக்கம் குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் மறுகால் பாயும். உணவுச் சங்கிலியில் தவறிப் போனதைப் பிடிக்கிற வழிக்கு 'நுண்ணுயிர் மறுகால்' என்றால் என்ன? ஊரில் இன்றும் புழங்குகிற சொல்.

> நுண்ணுயிர் மறுகால்

அழகான சொல்தான். ஆனால் மறுகால் தண்ணீர் கீழ்க்குளத்துக்குப் போகும், மேற்குளத்துக்கு ஏறுமா? இங்கே கரிமம் மேலே ஏறித் திரும்புவதுதான் விஷயமே.

சரி, நாளை வெள்ளி. சுழலுக்குத்தான் ஆதரவு கூடுதல், 'நுண்ணுயிர்ச் சுழல்' என்று போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் மைக்ரோபியல் லூப் சேர்த்து. நுண்ணங்கி அன்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போடுங்கள், ஆனால் சுழல் என்றால் கடலில் நீர்ச்சுழல் என்றுதான் படிப்பார்கள். மறுகாலை நான் விடுவதாக இல்லை. வைரஸ் பாக்டீரியாவை உடைத்து, மேலே போக வேண்டியதைக் கரைசலுக்கே திருப்பிவிடுகிறதே, அந்த வைரல் ஷண்ட் அடுத்த பாடத்தில் வரும். அது கீழே இறங்குகிற வழிதானே, அதற்காவது மறுகால் என்று வைக்கலாமே?