மறு: ஹோமோஊசியோஸ் – ஒருபொருண்மையா, ஒத்தபொருண்மையா?

வணக்கம் அண்ணே,

இறையியல் கலைச்சொல் பட்டியலில் இந்த இரண்டு கிரேக்கச் சொல்லுக்கும் நீங்கள் போட்ட தமிழ்:

> ஹோமோஊசியோஸ் = ஒருபொருண்மை
> ஹோமோயூசியோஸ் = ஒத்தபொருண்மை

முதல் வரியோடு எனக்குச் சண்டையில்லை. இரண்டாவதை மாற்றியே ஆக வேண்டும்.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி 'ஒத்தக்கடை ஒண்ணு குடுங்கண்ணே' என்று கேட்கிறவர் யாரும் அதை 'ஒரே மாதிரியான கடை' என்று நினைப்பதில்லை. ஒத்த ரூபாய், ஒத்தப் பனை, ஒத்தப் பிள்ளை: மதுரைக் காதுக்கு 'ஒத்த' என்றால் ஒற்றைதான். 'போன்ற பொருள்' என்று நீங்கள் எழுதியது இங்கே 'ஒரே பொருள்' என்றல்லவா போய்ச் சேரும்?

சாதாரணக் குழப்பமாக இருந்தால் விட்டுவிடலாம். 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கத்தில், மகனான கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்ற ஆரியுசின் போதனையைத் தள்ளி, மகன் தந்தையோடு ஹோமோஊசியோஸ் என்று அறிக்கையிட்டார்கள். பின்னால் ஒரு தரப்பு, 'அதே பொருள்' வேண்டாம், 'அதைப் போன்ற பொருள்' போதும் என்று வாதாடியது. கிரேக்கத்தில் இரண்டுக்கும் நடுவே அயோட்டா என்ற ஒரே எழுத்து. தமிழில் எழுதினாலும் ஊ, யூ அவ்வளவுதான். நாம் அதையும் விழுங்கிவிட்டு இரண்டு தரப்பையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கலாமா? 'ஒப்புப்பொருண்மை' என்று போடுங்கள்.

ஹோமோஊசியோஸுக்குத் தங்கச்சி சொன்ன 'ஒருதன்மை' காதுக்குப் பழகியதுதான். ஆனால் 451இல் கால்சிதோன் சங்கம் கிறிஸ்துவை ஒரே ஆள், இரண்டு இயல்பு என்றது. தன்மையை இங்கேயே செலவழித்துவிட்டால் அங்கே 'ஒருதன்மையர், இருதன்மையர்' என்று முட்டிக்கொண்டு நிற்கும். (இலக்கண வாத்தியாருக்கோ தன்மை என்றாலே நான், நாம்.) அதே சங்கம் இன்னொன்றும் சொன்னது: இறைமையில் தந்தையோடு ஹோமோஊசியோஸ், மனிதத்தில் நம்மோடும் ஹோமோஊசியோஸ். நம் சொல் இரண்டு இடத்திலும் உட்கார வேண்டும். 'நம்மோடு ஒரே பொருளானவர்' என்றால் அவரும் நாமும் ஒரே ஆளோ என்று கேட்பார்கள். 'மனிதத்தில் நம்மோடு ஒருபொருண்மையர்' ஓரளவு நிற்கிறது.

'பொருள்' மேல் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. மறைக்கல்வி வகுப்பில் 'தந்தையோடு ஒரே பொருளானவர்' என்று போர்டில் எழுதினேன். ஆறாம் வகுப்புப் பையன் எழுந்து, "சார், பொருள்னா ரேஷன்ல போடுறதுதானே?" என்றான். பரம்பொருள் என்கிறோமே என்றேன். "அது சாமி சார்" என்றான். அப்போ இது யாருடா என்று கேட்க வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு பலகையைத் துடைத்தேன்.

'பொருள்' சைவத்தில் புழங்கும் சொல்லாயிற்றே என்று தயங்க வேண்டாம். 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு தத்துவ போதகர் (ராபர்ட் தே நொபிலி), 'குரு', வேதம், பூசை எல்லாம் இந்த ஊர் வாயிலிருந்துதான் எடுத்தார். அவருடைய 'சருவேசுரன்' இன்று வழிபாட்டில் இல்லை, 'கடவுள்' வந்துவிட்டது. நம்முடையதையும் நாளைக்கு எவராவது மாற்றுவார்.

அன்புடன்,
அரசரடியிலிருந்து

—

தம்பி,

ஒப்புப்பொருண்மை சரி, பட்டியலில் திருத்திவிட்டேன். ஒத்தக்கடை வழியாக முப்பது வருடம் போய்வந்தும் எனக்கு இது தட்டவில்லை. ஆனால் மொழியியல்காரர்களுக்குப் பொருண்மை என்றால் சொல்லின் பொருள். 'ஒருபொருண்மை'யைப் பார்த்தால் ஒருபொருட்பன்மொழி என்றே படிப்பார்கள். 'இறையியல்' என்று பக்கத்தில் துறைக்குறிப்புப் போட்டிருக்கிறேன். பொருண்மைக்குப் பதில் 'உள்பொருள்' போடலாமா என்று யாருக்காவது யோசனை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.