மல்லாட்டை என்ற பெயர் எங்கிருந்து வந்தது? எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை உரையாடல்

கயல் (மாலை 6.12): பெரியப்பா, வணக்கம். கோவில்பட்டியில் என் மாமியார் வீட்டில் நான் மல்லாட்டை என்று சொன்னபோது ஒருவருக்கும் விளங்கவில்லை. அங்கே நிலக்கடலையைக் கடலை என்றால்தான் தெரிகிறது. நம் விழுப்புரத்துப் பக்கம் மட்டும் ஏன் இந்தப் பெயர்?

பெரியப்பா (6.31): நல்ல கேள்வி, அம்மா. மணிலாக்கொட்டை என்பதுதான் நம் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பானியர்கள் பசிபிக் பெருங்கடல் வழியாகப் பிலிப்பைன்சின் மணிலாவுக்குக் கொண்டுவந்த பயிர் இது; அந்தத் துறைமுகத்தின் பெயரை நம் உழவர்கள் இன்னமும் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

செழியன் (6.35): அப்படியானால் இதன் தாயகம் எது, பெரியப்பா? நம் மண்ணிலேயே தொன்றுதொட்டு விளைந்தது என்று எண்ணியிருந்தேன்.

பெரியப்பா (6.58): தெற்குப் பொலிவியாவும் வடமேற்கு அர்ஜென்டினாவும் சேரும் பகுதிதான் தாயகம். அங்கே இரண்டு காட்டு இனங்கள் கலந்து உண்டான செடியை மக்கள் பயிராக்கினார்கள். பெரு நாட்டின் சிப்பான் என்னும் இடத்தில் 1987-இல் மோச்சே என்னும் பழங்கால மக்களின் அரசர் ஒருவரின் கல்லறையைத் திறந்தபோது, பாதி மணிகள் பொன்னாலும் பாதி வெள்ளியாலும் செய்யப்பட்ட கழுத்தணி ஒன்று கிடைத்தது. அந்த மணிகள் ஒவ்வொன்றும் நிலக்கடலைக் காயின் வடிவம். நாம் காகிதப் பொட்டலத்தில் வாங்கித் தின்னும் பொருளை ஓர் அரசர் மார்பில் அணிந்திருந்தார் என்பதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்தச் செடியின் மீது தனி மரியாதை.

அத்தை (7.05): அண்ணா, வேர்க்கடலை என்ற பெயரே பிழை என்று அப்பா சொல்வாரே, அதையும் பிள்ளைகளுக்கு எழுதுங்கள்.

பெரியப்பா (7.24): ஆம், அது வேரில் காய்ப்பதில்லை. மஞ்சள் பூ மண்ணுக்கு மேலேதான் மலர்கிறது. கருவுற்ற பின் பூவின் அடியிலிருந்து விழுது ஒன்று கீழ்நோக்கி வளர்ந்து, மண்ணுக்குள் நுழைந்து, இருட்டில்தான் காயாகத் திரள்கிறது. அதனால்தான் நாம் நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சம் இட்டு மண் அணைக்கிறோம், பிறகு செடியை அசைப்பதில்லை. காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராகவே எடுத்துக்கொள்ளும். அது குறைந்தால் காய் பொக்காகிவிடும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன; இது உளுந்துக்கும் துவரைக்கும் உறவான பயறு இனம்.

செழியன் (7.29): நம் மாவட்டத்தில் இவ்வளவு பரவியது எப்படி?

பெரியப்பா (7.46): பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் மார்செய் நகரத்து ஆலைகளுக்கு எண்ணெய் வித்து ஏராளமாகத் தேவைப்பட்டது, சோப்புச் செய்வதற்கும் இந்த எண்ணெய் பயன்பட்டது. நம் பகுதியும் அடங்கிய அன்றைய தென்னாற்காட்டு மானாவாரி நிலங்களில் விளைந்த மணிலாக்கொட்டை புதுச்சேரித் துறையிலிருந்து அங்கே கப்பலேறியது. பின்னாளில் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. இரகங்களைத் தந்தது, அந்த எழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன.

கயல் (7.52): மாமியாரிடம் படித்துக் காட்டினேன், பெரியப்பா. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் எழுதச் சொல்கிறார்கள்.

அத்தை (8.03): அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல், கயல். மாடியில் காயும் மூட்டையில் உனக்கும் பங்கு வைத்திருக்கிறேன். பூஞ்சணம் பிடித்த பருப்பை மட்டும் பொறுக்கி எறிந்துவிடு. அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுவதும் போகாது.