மீட்டரில் அளவு சரியாக இருக்கிறது, சாலையில் வண்டி உதறுகிறது: திராட்டில் சென்சாரை எப்படிச் சோதிப்பது?

ஈசூன்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கும் பழைய ஜப்பானியக் கார் என்னுடையது. ஆட்டோ கியர், மிதியிலிருந்து கேபிள் போய்த் திராட்டிலை (இன்ஜினுக்குள் காற்றை விடும் தகட்டை) இழுக்கும் வகை. விரைவுச்சாலையில் மிதியை லேசாக அழுத்தி ஒரே வேகத்தில் போகும்போது, யாரோ பின்னாலிருந்து இழுத்துவிட்டதுபோல் உதறுகிறது. கியரும் காரணமில்லாமல் மாறுகிறது. முழுதாக மிதித்தால் ஒரு குறையும் இல்லை. இன்ஜின் விளக்கு ஒருமுறை எரிந்து தானாகவே அணைந்தது. ஸ்கேனரில் பி0122 என்ற கோளாறுக் குறியீடு பதிவாகியிருக்கிறது.

பணிமனையில் திராட்டில் பாடியையே, அதாவது அந்தத் தகடு இருக்கும் முழுப் பாகத்தையே, மாற்ற வேண்டும் என்கிறார்கள். கேட்ட தொகையில் வயிறு கலங்கிவிட்டது. திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் சென்சாரை டிஜிட்டல் மல்டிமீட்டரில் நானே அளந்து பார்த்தேன்: மின்சாரம் வரும் கம்பியில் 5.01 வோல்ட், மிதியைத் தொடாதபோது சிக்னல் கம்பியில் 0.52, முழுதாக மிதித்தால் 4.38. இவை சரியான அளவுகள்தானே? அப்படியானால் சென்சார் நல்லது என்று முடிவு செய்யலாமா? வருடாந்திர வாகனச் சோதனையும் நெருங்குகிறது.

சாங்கி இரவுப்பணி:
அளந்துகொண்டிருக்கும் நேரத்தில் பழைய பாகக் கடையில் ஒரு சென்சார் வாங்கி மாட்டிவிடலாம். இரண்டே திருகு.

முள்மீட்டர்:
அவசரப்படாதீர்கள் தம்பி. பழைய பாகக் கடையில் கிடைப்பதும் உங்களுடையதைப் போலவே தேய்ந்ததாக இருக்கலாம். கோளாறு கம்பியில் இருந்தால் புதியதை மாட்டியும் பயனில்லை.

நீங்கள் அளந்தது இரண்டு முனைகளை மட்டும். உள்ளே இருப்பது வளைவான ஒரு கார்பன் தடம். அதன்மேல் உரசியபடி நகரும் சிறிய உலோக விரல். தடம் எங்கே தேயும் என்று யோசியுங்கள். நம் விரைவுச்சாலைகளில் உச்சவேகம் மணிக்கு 70 முதல் 90 கிலோமீட்டர் வரை. ஆண்டுக்கணக்காக ஒரே சிறு திறப்பில் கால் நிற்கிறது, விரலும் அதே இடத்தில்தான் உரசுகிறது. அந்த இடத்தில் தொடர்பு விட்டால் சிக்னல் சட்டென்று விழும். ஓட்டுநர் காலை எடுத்துவிட்டார் என்று கணினி நினைத்து எரிபொருளைக் குறைக்கும், கியரும் குழம்பும். பி0122 சொல்வதும் சிக்னல் அளவுக்கு மீறித் தாழ்ந்தது என்பதைத்தான்.

சாதாரண டிஜிட்டல் மீட்டர் ஒரு விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். இடையில் வந்து போகும் பள்ளம் அதன் கண்ணில் படாது. அதனால்தான் நான் இன்னும் முள் மீட்டரை விடாமல் வைத்திருக்கிறேன். முள் ஒரு துடிப்புத் துடித்தாலே தெரிந்துவிடும். உங்களிடம் இல்லாவிட்டால் சிம் லிம் டவரில் விசாரியுங்கள். சிம் லிம் ஸ்குவேர் இல்லை, ஜாலான் புசார் பக்கம் இருக்கும் டவர்.

சாவியை ஆன் நிலையில் வையுங்கள், இன்ஜினை இயக்க வேண்டாம். நின்ற வண்டியின் இன்ஜினை வீணாக ஓடவிடுவது இங்கே குற்றம்; இந்தச் சோதனைக்கு அது தேவையும் இல்லை. கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்பக்கத்தில் கம்பியை ஒட்டியே மெல்லிய குண்டூசியைச் செருகி அளக்க வேண்டும். முன்பக்கத்தில் மீட்டரின் தடித்த முனையைத் திணித்தால் கனெக்டரின் உலோக முனை விரிந்துபோகும். கம்பியின் மேலுறையைக் குத்திவிடாதீர்கள். இந்த ஈரப்பதத்தில் உள்ளே தாமிரம் பச்சை பூத்துவிடும்.

முதலில் பேட்டரியின் மைனஸுக்கும் சென்சாரின் எர்த் கம்பிக்கும் இடையில் அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். பிறகு சிக்னலில் மீட்டரை வைத்து, திராட்டிலைக் கையால் மயிரிழை மயிரிழையாகத் திறங்கள். எண் தடையில்லாமல் ஏற வேண்டும். எங்கேயாவது இறங்கினால் அங்கேயே நிறுத்தி முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அதே இடத்தில் கம்பிக்கட்டையும் ஆட்டிப் பாருங்கள். கம்பியை ஆட்டும்போது மட்டும் எண் மாறினால் குற்றவாளி சென்சார் அல்ல.

பொங்கோல் ரைடர்:
இடையில் ஒரு கேள்வி அண்ணே. என் காரில் கேபிளே இல்லை, மின்சாரத் திராட்டில். இதே முறை பொருந்துமா?

முள்மீட்டர்:
பொருந்தாது. சாவி ஆனில் இருக்கும்போது அந்தத் தகட்டில் விரலை வைக்கவே வைக்காதீர்கள். மோட்டார் சட்டென்று மூடினால் விரல் நசுங்கும், உள்ளே பல்சக்கரமும் கெடலாம். அதில் இரண்டு சென்சார்கள் ஒன்றையொன்று சரிபார்க்கும். அவை ஒத்துப்போகாவிட்டால் பி2135 வரும். ஸ்கேனரில் இரண்டின் அளவையும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது.

ஈசூன்வாசி:
சொன்னபடியே செய்தேன். எர்த் 0.02 வோல்ட். முள் மீட்டர் கிடைக்கவில்லை, டிஜிட்டலிலேயே மிக மெதுவாகத் திறந்தேன். 0.78, 0.80, 0.83 என்று ஏறி வந்தது திடீரென்று 0.11. இன்னும் சற்றே திறந்தால் 0.94. திரும்ப மூடும்போதும் அதே இடத்தில் விழுகிறது. கம்பியை ஆட்டினால் மாற்றமில்லை. பழைய வண்டிகளில் நான்கு கம்பிகூட வரும் என்று படித்தேன், எனக்கு மூன்றுதான்.

முள்மீட்டர்:
பிடித்துவிட்டீர்கள். அந்த நான்காவது கம்பி பழைய டொயோட்டாக்களில் வரும் ஐடில் ஸ்விட்ச்சுக்கு (மிதியை முழுதாக விட்டதைக் காட்டும் ஸ்விட்ச்) உரியது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால் சாவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் சிக்னல் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையில் ஓம்ஸ் அளந்து அதே இடத்தைக் கடந்து பாருங்கள். எண் தாவும், அல்லது தொடர்பே இல்லை என்று காட்டும். மின்சாரம் இருக்கும்போது மட்டும் ஓம்ஸ் அளக்காதீர்கள். மற்றபடி திராட்டில் பாடியை மாற்ற எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. தகட்டின் ஓரத்தில் கருப்புப் பிசின் இருந்தால் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். சென்சார்மேல் பீய்ச்ச வேண்டாம்.

சாங்கி இரவுப்பணி:
சரி, அப்படியானால் புதியதாகவே வாங்குங்கள். திருகுத் துளை நீள்வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாட்டும்போது அளந்து திருப்பி வைக்க வேண்டும், சும்மா முறுக்கினால் ஐடில் (மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) கெடும்.

ஈசூன்வாசி:
துளை நீள்வட்டம்தான். புதிய சென்சாரை மாட்டி, வண்டியின் கையேட்டில் கொடுத்திருக்கும் எல்லைக்குள் 0.50 வோல்ட்டில் நிறுத்தி முறுக்கினேன். முறுக்கும்போது எண் நகர்ந்துவிடுகிறது. ஒரு கண்ணால் மீட்டரைப் பார்த்தபடி இரண்டு திருகையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டியிருந்தது. இப்போது 0.83-ஐத் தடங்கலின்றிக் கடக்கிறது. குறியீட்டை அழித்துவிட்டு விரைவுச்சாலையில் ஓட்டினேன்: உதறல் இல்லை, கியரும் அடங்கிவிட்டது. அண்ணன் இருவருக்கும் நன்றி. வாகனச் சோதனைக்கு முன்பதிவு செய்துவிட்டேன்.