மறு: ஸ்னோமொபைலும் அதன் உறுப்புகளும் – தமிழ்ச் சொற்கள்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஸ்னோமொபைல் என்பது முன்னால் சறுக்குப்பலகையும் கீழே சுழலும் ரப்பர் பட்டையுமாகப் பனிமேல் ஓடுகிற என்ஜின் வண்டி. அதற்கு இந்த இழையில் இதுவரை வந்தவை பனிச்சறுக்கு வண்டி, பனி ஊர்தி, பனியுந்து. நான் மூன்றாவதையே எடுத்துக்கொண்டேன். ஆனால் வண்டியின் பெயரோடு நின்றுவிட்டால் எனக்கு வேலை ஆகாது. அதன் உறுப்புகளுக்கும் அது ஓடுகிற பரப்புக்கும் சொல் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும்.

என் தங்கை வீட்டுக்காரர் மேலூர்ப் பக்கம் நெல் அறுவடை மெஷின்களுக்குப் பட்டறை வைத்திருந்தவர். இப்போது மகனோடு கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் பாரி நகரில் இருக்கிறார். சிம்கோ ஏரியை ஒட்டிய ஊர். குளிர்காலத்தில் அந்த ஏரி இறுகியதும் ஆட்கள் அதன் மேலேயே போய், துளை போட்டு, தூண்டில் விட்டு மீன் பிடிக்கிறார்கள். அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி ஒரு பழைய ஸ்னோமொபைல் வாங்க அந்த மகன், அதாவது என் மருமகன், தேடிக்கொண்டிருக்கிறான். வண்டியைப் பார்த்து, தேறும் தேறாது என்று சொல்லப் போகிறவர் மாப்பிள்ளைதான். மருமகனுக்குக் கணினி தெரியும், என்ஜின் தெரியாது. மாப்பிள்ளைக்கு என்ஜின் அத்துபடி, ஆனால் இங்கிலீஷ் கையேட்டைப் படிக்க வராது. அவர் கையில் வைத்துப் பார்க்கத்தான் ஒரு தமிழ்க் குறிப்பு எழுதுகிறேன்.

முதலில் வண்டிப் பெயர். பனிச்சறுக்கு என்பதைத் தமிழில் ஏற்கெனவே காலில் பலகை கட்டிக்கொண்டு சறுக்கும் விளையாட்டுக்குக் கொடுத்துவிட்டோம். ஊர்தி என்றால் எங்கள் பக்கம் அமரர் ஊர்திதான் நினைவுக்கு வரும். ஆசையாக ஒரு வண்டி வாங்கப் போகிறவரிடம் அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உந்து என்பது பேருந்திலும் சரக்குந்திலும் ஊன்றிவிட்டது, பெயர்ப் பலகையில் பார்த்துப் பழகிய உறுப்பு. பனி + உந்து, யகரம் வந்து பனியுந்து. இலக்கணமும் சரி, வாயிலும் வருகிறது. ஸ்கிடூ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது கனடாவில் கியூபெக் மாகாணத்தின் வால்கூர் ஊரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1959-ல் கொண்டுவந்த வண்டியின் வணிகப் பெயர். எந்தக் கம்பெனி வண்டியையும் அங்கே பலர் ஸ்கிடூ என்றுதான் சொல்கிறார்கள், நாம் எந்தத் தோண்டும் மெஷினையும் ஜேசிபி என்பது போல. பேச்சில் இருக்கட்டும். ஆர்க்டிக் கேட், போலாரிஸ், யமஹா என்று எல்லாக் கம்பெனி வண்டிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிற குறிப்பில் அது குழப்பும்.

அடுத்தது, இரண்டு பேர் போகும் வகை. ஈரிருக்கைப் பனியுந்து என்று ஒரு பரிந்துரை வந்தது. இதை நான் எதிர்க்கிறேன். இந்த வகையை வேறாக்குவது இருக்கை இல்லை, நீளம். ஒருவர் ஓட்டும் பழைய வண்டிகள் பலவற்றில், கீழே சுழலும் ரப்பர் பட்டையின் மொத்தச் சுற்று 120 அங்குலம் அளவில் இருக்கும். இருவருக்கென்றே கட்டியதில் 137, 144, 154 அங்குலம் என்று போகும். பழைய வண்டி விற்கிறவர்கள் குட்டை வண்டியின் பின்னால் கூடுதலாக ஒரு மெத்தையைப் பொருத்தியும் விற்பார்கள். அதில் பின்னால் ஆள் ஏறினால் பாரம் வண்டியின் கடைசிக்குப் போய்விடும், முன்னால் இருக்கும் சறுக்குப்பலகைகள் லேசாகிவிடும், ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும். ஈரிருக்கை என்று எழுதிக் கொடுத்தால் அந்த வண்டியும் சொல்லுக்குப் பொருந்திவிடுகிறதே. ஆகவே ‘இருவர் பனியுந்து’. இரண்டு பேருக்காகவே செய்தது என்று பொருள் நிற்கிறது. குறிப்பில் அதன் கீழேயே ‘பட்டைச் சுற்று குறைந்தது 137 அங்குலம்’ என்று போட்டுவிட்டேன்.

இனி நான் அதிகம் மெனக்கெட்ட இடம். இந்த வண்டியில் இரண்டு பெல்ட் உண்டு. ஒன்று தரையைத் தொட்டு வண்டியைத் தள்ளும் அகலமான ரப்பர் பட்டை. இன்னொன்று மூடிக்குள்ளே இரண்டு கப்பிகளுக்கு நடுவில் ஓடி, என்ஜின் விசையைக் கடத்தும் சின்ன பெல்ட். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருக்கிறதே, அதே ஏற்பாடு. அகராதியைப் பார்த்தால் இரண்டுமே பட்டை. அறுவடை மெஷின்காரர்களும் ‘டயர் வண்டியா, பெல்ட் வண்டியா’ என்றுதான் கேட்பார்கள். சேற்று வயலில் இறங்குகிற பெல்ட் வண்டியின் ரப்பர் பட்டைதான் இதற்கும் உறவு, ஆகவே மாப்பிள்ளைக்கு அதைப் பற்றி நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் விற்பவர் ‘பெல்ட் புதுசு’ என்று சொன்னால் எந்த பெல்ட் என்று தெரிந்தாக வேண்டும். உள்ளே இருப்பதைக் கையாலேயே மாற்றிவிடலாம், செலவும் குறைவு. கீழே இருப்பதை மாற்றுவது வண்டியின் பாதி வயிற்றைப் பிரிக்கிற வேலை, விலையும் அப்படி.

வார் என்ற பழைய சொல்லை உள்ளே இருப்பதற்குக் கொடுத்துப் பார்த்தேன். இயக்குவார், ஓட்டுவார் என்று கூட்டினால் வினைமுற்றாகப் படிக்கிறது, யாரோ ஒருவர் ஓட்டப் போகிறார் என்று ஆகிவிடுகிறது. அதனால் இரண்டிலும் பட்டையை வைத்து முன்சொல்லை மாற்றினேன்: கீழே இருப்பது தரைப்பட்டை, உள்ளே இருப்பது விசைப்பட்டை. தடப்பட்டை என்று சொன்ன நண்பருக்கு: தடம் என்பது வண்டி போன பிறகு தரையில் விழுவது. உறுப்பின் பெயருக்குள் அதைக் கொண்டுவர வேண்டாம் என்று எனக்குப் படுகிறது.

தரைப்பட்டையின் மேல் புடைத்து நிற்பதற்கு முகடு, முனைப்பு, புடைப்பு என்று ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறீர்கள். டிராக்டர் டயரில் அதை ‘பட்டன்’ என்று ஊரே சொல்கிறது. பட்டனாகவே இருக்கட்டும். ‘பட்டன் தேய்ந்திருக்கிறதா, ஓரம் கிழிந்து நூல் தெரிகிறதா, ரப்பர் வெடித்திருக்கிறதா’ என்று எழுதினால் மாப்பிள்ளை குனிந்து பார்க்க வேண்டிய இடத்தில் பார்ப்பார்.

அகலத்தையும் குறிப்பில் சேர்த்திருக்கிறேன். சாதாரணத் தரைப்பட்டை 15 அங்குலம். சுமை இழுக்கும் வண்டிகளில் 20, சிலவற்றில் 24. அகலம் கூடக் கூடப் புதுப்பனியில் புதையாது. கூடாரம், துளைப்பான், மீன் பெட்டி எல்லாம் பின்னால் கட்டி இழுக்கிறவர்களுக்கு 20 அங்குலம்தான் வசதி. வேகம் அவர்களுக்குத் தேவையே இல்லை.

அப்புறம் குளிர்விக்கும் முறை. இதற்குச் சொல் தேடும்போதுதான் இந்த வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே எனக்குத் தெளிவானது. நீர்க்குளிர்வு, விசிறிக்குளிர்வு என்று இரண்டு. நீர்க்குளிர்வு வண்டியில் முன்னால் காற்று வாங்கும் ரேடியேட்டரை மட்டும் நம்புவதில்லை. தரைப்பட்டைக்கு மேலே இருக்கும் உலோகக் கூண்டில் சூடான நீர் ஓடும் குழாய்ப் பகுதி இருக்கிறது. பட்டை சுழலும்போது வாரி அடிக்கும் பனித்தூள் அதில் பட்டுத்தான் என்ஜின் ஆறும். காட்டுப் பாதையில் இது அருமை. காற்று பனியைத் துடைத்துவிட்டு வெறும் கண்ணாடியாகக் கிடக்கும் ஏரியிலோ வாரி அடிக்க எதுவும் இல்லை. என்ஜின் சூடேறிவிடும். பட்டை உரசி ஓடுகிற பிளாஸ்டிக் கீற்றுகளுக்கும் பனித்தூள்தான் மசகு. அது இல்லாமல் வேகமாக ஓட்டினால் உருகித் தேயும். விசிறிக்குளிர்வு வண்டியில் என்ஜினுக்குப் பனித்தூள் வேண்டாம், ஆனால் கீற்றுப் பிரச்சினை அதிலும் உண்டு.

ஆகவே மீன்பிடிக்கு விசிறிக்குளிர்வையே நான் முதலில் எழுதியிருக்கிறேன். பழைய சந்தையில் யமஹா விகே 540, ஆர்க்டிக் கேட் பேர்கேட் 570, ஸ்கிடூ ஸ்காண்டிக் 550 எஃப் ஆகியவை இந்த வகை. மூன்றும் டூ ஸ்ட்ரோக். ஆர்எக்ஸ் 100 பிரித்த கைக்கு அதில் புதிதாக ஒன்றும் இருக்காது. போலாரிஸ் வைட்ராக் எல்எக்ஸ் அகலப் பட்டையோடு நல்ல இழுவை வண்டிதான், ஆனால் நீர்க்குளிர்வு. அப்படி ஒன்று மலிவாகக் கிடைத்தால், வண்டியின் அடியில் கம்பிபோல் தொங்கி உறைந்த பரப்பைக் கீறித் தூளைக் கிளப்பும் ஒரு துணைக்கருவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் ‘பனிக்கீறி’ என்று வைத்திருக்கிறேன். உரசும் கீற்றுக்கு ‘வழுக்குக்கீற்று’. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கம்ப்ரஷன், கார்பரேட்டர், கிளட்ச், பேரிங் இவற்றை நான் தொடவில்லை. அமுக்கம், உருளைத்தாங்கி என்றெல்லாம் எழுதினால் பட்டறைக்காரர் அதைத் திரும்ப மனத்துக்குள் கம்ப்ரஷன் என்று மாற்றிக்கொண்டுதான் படிப்பார். எழுதியது இவ்வளவுதான்: நீங்கள் போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்களா என்று சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்த என்ஜினைத்தான் கயிறு இழுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. சறுக்குப்பலகையைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. வண்டியின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தி தரைப்பட்டைக்குள் இருக்கும் உள்சக்கரங்களைக் கையால் சுற்றினால் கரகரப்புக் கேட்கக் கூடாது. கொக்கி மாட்டும் இடத்துக்கு மேலே தகட்டில் விரிசலோ பற்றவைப்போ இருந்தால் அளவுக்கு மேல் இழுத்த வண்டி.

கடைசியாகப் பனி. இங்கேதான் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது, ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன். நமக்குப் பனி என்றால் மார்கழியில் புல் நுனியில் நிற்பது. முன்பனியும் பின்பனியும் அந்தப் பனிதான். அதே சொல்லை வானத்திலிருந்து பஞ்சாக விழுவதற்கும், ஏரி இறுகிக் கிடப்பதற்கும் பயன்படுத்தினால் ‘பனி பத்து அங்குலம் இருக்கிறது’ என்ற வாக்கியம் ஆளைக் கொல்லும். பத்து அங்குலம் தூவிக் கிடப்பது வேறு, பத்து அங்குலம் இறுகியிருப்பது வேறு. குறிப்பில் விழுவது ‘பனி’, இறுகியது ‘பனிக்கட்டி’ என்று ஓரிடம் விடாமல் பிரித்திருக்கிறேன்.

பனிக்கட்டியிலும் இரண்டு. நீர் நேராக உறைந்தது ஊடே பார்க்கும் அளவுக்குத் தெளிவாக, கருநீலமாக இருக்கும், அது வலுவானது. மேலே விழுந்த பனி நனைந்து உறைந்தது பால் நிறமாக இருக்கும். அதன் வலு பாதி என்றே கணக்கு. ‘தெளிகட்டி’, ‘வெண்கட்டி’ என்ற இரண்டு சொற்களை உங்கள் முன் வைக்கிறேன். அமெரிக்காவின் மினசோட்டா மாநில இயற்கைவளத் துறை, பனியுந்துக்குத் தெளிகட்டி 5 முதல் 7 அங்குலம் வேண்டும் என்கிறது. கனடாச் செஞ்சிலுவைச் சங்கம் 25 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 10 அங்குலம் என்கிறது. அகலப்பட்டை வண்டியே 250 கிலோவுக்கு மேல், அதன் மேல் இரண்டு ஆள், பின்னால் சாமான். நான் 10 அங்குலத்தைத்தான் எழுதினேன். வெண்கட்டியாக இருந்தால் இரட்டிப்பு. ஓரிடத்தில் இருக்கும் கனம் பத்தடி தள்ளி இருக்கும் என்று நம்பக் கூடாது என்பதையும், ஆறு வந்து சேரும் முகத்துவாரத்துக்கும் பனிக்கட்டி வெடிப்புக்கும் பக்கத்தில் போகவே வேண்டாம் என்பதையும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. பனிக்கட்டியின் மேல் பனி கனமாகக் குவிந்தால் அந்தப் பாரத்தில் கட்டி அமுங்கி, விரிசல் வழியே ஏரித் தண்ணீர் மேலே ஏறிப் பனியோடு கலந்துவிடும். மேலே பார்த்தால் வெள்ளையாகத்தான் தெரியும். உள்ளே நொசநொசவென்று கிடக்கும். வண்டி அதில் இறங்கி நின்றால் தரைப்பட்டையோடு சேர்ந்து உறைந்துபோகும். இதற்குப் பனிக்கூழ் என்று எழுதியவர் மன்னிக்க வேண்டும், அந்தச் சொல் ஐஸ்கிரீமுக்குப் போய்விட்டது. ‘பனிச்சேறு’ என்று வைப்போம். சேற்றில் மெஷின் இறங்கினால் என்ன செய்வது என்பது மாப்பிள்ளைக்கு எந்த விளக்கமும் இல்லாமல் தெரியும்: நிற்காதே, திருப்பாதே, ஒரே வேகத்தில் வெளியே வா.

துளை போட்டு மீன் பிடிப்பதற்குப் ‘பனித்துளை மீன்பிடிப்பு’ என்று முன்பே இழையில் ஒத்துக்கொண்டோம், அதில் எனக்குத் தகராறு இல்லை.

எனக்கு இன்னும் அமையாதது ஒரு சொல். பனியுந்துக்குப் பின்னால் கட்டி இழுக்கிற, சக்கரம் இல்லாத, அடி வழவழப்பான தொட்டி. ஆட்களும் சாமானும் ஏறும். இழுவை என்றால் டிராக்டர் ஆகிவிடுகிறது, டிரெய்லர் என்றால் சக்கரம் வந்துவிடுகிறது. சறுக்குத்தொட்டி என்று எழுதிப் பார்த்தேன். பூங்காவில் பிள்ளைகள் சறுக்குவது போல் தொனிக்கிறது. கனடாவிலும் நார்வேயிலும் இருக்கும் ஈழத்து அன்பர்கள் வீட்டில் இதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? வரும் சனிக்கிழமை வண்டி பார்க்கப் போகிறார்கள். வெள்ளிக்குள் எழுதினால் குறிப்பில் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து